ஏரிக்கரைக்கு நாமும் போவோம்!

முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடிவிட்டால் போதும், வீட்டிலிருக்கும் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பது நம்மைப் போன்ற இல்லத்தரசிகளுக்குப் பெரும் பாடுதான். செல்போனைப் பிடுங்கி வைத்தால் தொலைக்காட்சி. அதை நிறுத்தினால் தெருவில் கிரிக்கெட். பந்து எதிர்வீட்டு ஜன்னலில் பட்டுவிட்டால் பஞ்சாயத்து. கடைசியில் பன்னிரண்டு வயதுப் பையன் மெல்லப் பக்கத்தில் வந்து, "அம்மா, ஏரிக்கு மீன் பிடிக்கப் போறோம்மா" என்கிறான். உடனே நம் வாயில் வருவது என்ன? "தண்ணிப் பக்கம் போனே, காலை ஒடிச்சுடுவேன்!"

இதைச் சொல்லாத தாய் உண்டா? பயம் நியாயமானதுதான். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே! போகாதே என்று சொல்லப்பட்ட பிள்ளை போகாமல் இருந்து விடுவதில்லை. சொல்லாமல் போகிறான். சொல்லாமல் போகிறவனுக்குத் துணைக்குப் பெரியவர் இல்லை. எங்கே போனான் என்று தேடவும் ஆள் இல்லை. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆகவே என்னுடைய கட்சி இது: பிள்ளைகளை ஏரிக்கு அனுப்பாமல் இருப்பதைவிட, நாமும் கூடப் போவது நல்லது. சும்மா புளியோதரை மூட்டையைக் கட்டிக் கொண்டு போய் நிழலில் உட்காருவதற்கு அல்ல. தண்ணீரைத் தெரிந்துகொண்டு போவதற்கு.

எங்கள் ஊர் வழக்கம்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் அடி அண்ணாமலை. திருவண்ணாமலையில் கிரிவலம் வந்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 14 கிலோமீட்டர் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கம், ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். பௌர்ணமி என்றால் எங்கள் வீட்டு வாசலில் விடிய விடிய ஜனங்கள் நடப்பார்கள். பௌர்ணமி, கிருத்திகை, பிரதோஷ நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறாது. கோயில் குளங்களிலும் தீர்த்தங்களிலும் யாரும் தூண்டில் போடுவதில்லை. அது வேறு, இது வேறு. ஆனால் ஏரியில் தண்ணீர் நின்று, குடும்பத்துக்கெல்லாம் ஒரே நாளில் ஓய்வும் கிடைத்துவிட்டால், என் மாமனார் வீட்டில் மீன் பிடிக்கப் போவது ஒரு திருவிழா மாதிரி.

காலையிலேயே மாமா மூங்கில் கழிகளை எடுத்து வைப்பார். நைலான் நரம்பு, முள், சின்ன ஈயக்குண்டு, தக்கைக்கு நெட்டித் துண்டு. பிள்ளைகள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஈர மண்ணைக் கிளறி மண்புழு எடுத்துத் தேங்காய்த் தொட்டியில் சேர்ப்பார்கள். புழுவைத் தொட அருவருக்கும் என் மகளுக்கு மட்டும் நான் கோதுமை மாவை மஞ்சள் தூள் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து உருட்டிக் கொடுப்பேன். ஜிலேபிக் கெண்டைக்கு அது போதும். கெளுத்தியும் குரவையும் புழுவுக்குத்தான் மயங்கும். விரால் வேண்டுமென்றால் சின்ன மீனையே முள்ளில் கோர்க்க வேண்டும்.

தூண்டில் போட்டுவிட்டுத் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அது பிள்ளைகளுக்குக் கிடைக்கிற பெரிய பாடம். இரண்டு நிமிஷம் சும்மா இருக்காத என் மகன், தக்கை அசைகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறான். தாத்தாவும் பேரனும் தோளோடு தோள் உட்கார்ந்து பேசுவதும் அப்போதுதான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏரி மீன் எல்லாருக்கும் பொது என்று நினைத்து இறங்கிவிடக் கூடாது. பல ஏரிகளில் மீன்பாசி உரிமையைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகை எடுத்தவர் காசு போட்டு மீன் குஞ்சு விட்டிருப்பார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுவதுதான் மரியாதை. "நாலு தூண்டில்தானே, போடுங்க" என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

தெற்குச் சீமையில் இதையே ஊர்த் திருவிழாவாகச் செய்கிறார்கள். புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களிலும் மதுரை மேலூர்ப் பக்கத்திலும், அறுவடை முடிந்து கோடையில் கண்மாய்த் தண்ணீர் வற்றுகிற சமயம் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஆயிரக்கணக்கானவர்கள் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு இறங்குவார்கள். ஆண், பெண், குழந்தை என்ற வித்தியாசமில்லை. கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்து உறவுக்காரர்களோடு சாப்பிடுவதுதான் வழக்கம். முழங்கால், இடுப்பு அளவுத் தண்ணீரில், ஊரே பார்த்துக்கொண்டிருக்கையில் நடக்கிற காரியம் அது. தண்ணீர் வற்றிய பிறகுதான் இறங்க வேண்டும், கூட்டமாகத்தான் இறங்க வேண்டும் என்று நம் முன்னோர்கள் வைத்திருந்த ஏற்பாட்டில் எவ்வளவு விவேகம் பாருங்கள்!

அன்றைக்கு நடந்தது

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் எல்லாம் கலங்கல் பக்கம் போயிருந்தார்கள். நான், என் ஓரகத்தி, நாத்தனார், அத்தை நான்கு பேரும் கரையில் இலை போடத் தயாராக இருந்தோம். நாத்தனார் மகன், பதினோரு வயது, கை கழுவுகிறேன் என்று தண்ணீரில் இரண்டடி வைத்தான். முழங்கால் ஆழம்தான் இருந்த இடம். மூன்றாவது அடியில் ஆள் இல்லை!

யாரோ எப்போதோ மண் எடுத்த பள்ளம். மழை வந்து ஏரி நிரம்பியதும் பள்ளத்தை யார் கண்டது? மேலே ஒரே மட்டமாகத் தண்ணீர், கீழே இரண்டு ஆள் ஆழம். நம் ஊர் ஏரிகளில் இன்று இருக்கிற பெரிய எமன் இந்தப் பள்ளங்கள்தான்.

பையன் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றும் உடம்பு நடுங்குகிற விஷயம். தலை ஒருமுறை மேலே வந்தது, வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்து மூடியது, கைகள் தண்ணீரை அமுக்கின. அவ்வளவுதான். நாத்தனார் "ஐயோ" என்று தண்ணீரை நோக்கிப் பாய்ந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது, ஓரகத்திக்கும் தெரியாது.

"அவளப் புடிங்கடி!" என்று என் அத்தை ஒரு அதட்டல் போட்டார்கள். நாங்கள் இருவரும் நாத்தனாரை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டோம். அத்தை அங்கே கிடந்த நீளமான தூண்டில் கழியை எடுத்தார்கள். மாமா விரால் பிடிக்க வைத்திருந்த கனமான மூங்கில் அது. முழங்கால் தண்ணீருக்கு மேல் போகாமல் அப்படியே குப்புறப் படுத்து, கழியை நீட்டி, "புடிடா கண்ணா, கழியப் புடி" என்றார்கள். பையன் கை கழியில் பட்டது. பிடித்துக்கொண்டான். என் ஓரகத்தி ஓடிப்போய் அத்தையின் காலைப் பிடித்து இழுக்க, அத்தை கழியை இழுக்க, பையன் கரைக்கு வந்தான். எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

என் அத்தை தென்பெண்ணைக் கரையில் ஒரு கிராமத்தில் பிறந்தவர்கள். சின்ன வயதில் ஆற்றிலேயே வளர்ந்தவர்கள். ஆனாலும் அவர்கள் பையனிடம் நீந்திப் போகவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "முழுகறவன் கையில கெடச்சதக் கட்டிக்குவான்மா. எனக்கு வயசு அறுபது. ரெண்டு பேரும் போயிருப்போம். கழி இருக்கும்போது கைய எதுக்குக் குடுக்கணும்?" என்றார்கள்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 38 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். உலக அளவில் பார்த்தால் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்குத்தான் இந்த ஆபத்து மிக அதிகம். 2021இல் ஐக்கிய நாடுகள் சபை, ஜூலை 25ஆம் தேதியை மூழ்குதல் தடுப்பு நாளாகவே அறிவித்தது.

சேலை காப்பாற்றிய உயிர்கள்

தண்ணீரில் இறங்காமலே உயிரைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு ஊரறிந்த சாட்சி ஒன்று உண்டு. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி, பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் துணி துவைத்துவிட்டுக் கிளம்பிய மூன்று பெண்கள், குளிக்க வந்த இளைஞர்களில் நான்கு பேர் ஆழத்தில் சிக்கியதைக் கண்டார்கள். செந்தமிழ்ச்செல்வி, சுந்தரபாள், முத்தம்மாள் என்பவர்கள் அவர்கள். ஒரு கணம்கூட யோசிக்காமல் தாங்கள் உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் அதைப் பிடித்துக் கரையேறினார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு சுதந்திர தினத்தன்று தமிழக அரசு மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்துக் கௌரவித்தது.

மானத்தை மறைக்கும் சேலை ஒரு தாயின் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தது என்றால் அதைவிட அதற்கு என்ன பெருமை வேண்டும்? நமக்கும் கையில் எப்போதும் ஐந்தரை மீட்டர் கயிறு இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கும் பாடம் நான்கே வார்த்தை: கத்து, நீட்டு, வீசு, குதிக்காதே. முதலில் கூச்சல் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். கழி, கொம்பு, துண்டு எது கிடைத்தாலும், தரையில் படுத்துக்கொண்டு நீட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் மிதக்கிற பொருளை வீச வேண்டும். மூடி போட்ட காலி எண்ணெய் கேன், காற்றடித்த சைக்கிள் டியூப், நார் உரிக்காத முற்றிய தேங்காய், எது வேண்டுமானாலும் ஆகும். நீச்சல் தெரிந்த பையனாக இருந்தாலும் சிநேகிதனைக் காப்பாற்றக் குதிக்கக் கூடாது. ஒருவன் பின்னால் ஒருவனாகக் குதித்து மூன்று பேர், நான்கு பேர் போய்விட்ட செய்தியைப் பத்திரிகைகளில் எத்தனை தடவை படிக்கிறோம்!

கரைக்குக் கொண்டுவந்த பிறகு

சிலர் குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள். வயிற்றை அமுக்குவார்கள். இரண்டும் கூடவே கூடாது. வயிற்றிலிருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

சமதரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒருவர் 108க்குப் போன் செய்யட்டும். மற்றவர் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, முகவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மூச்சு ஊத வேண்டும். மார்பு எழும்புகிறதா என்று கவனியுங்கள். பிறகு மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து 30 முறை அழுத்தி அழுத்தி விட வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். பெரியவர்களுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் ஆழம். குழந்தைகளுக்கு மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வரும் வரை விடாமல் செய்யுங்கள். படித்தால் மட்டும் கை வராது. உங்கள் ஊரில் முதலுதவிப் பயிற்சி நடந்தால் ஒருமுறை அவசியம் கற்றுக்கொள்ளுங்கள்.

குழந்தை எழுந்து உட்கார்ந்து "பசிக்குது" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். எங்கள் பையனையும் அன்று இரவு முழுவதும் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துதான் அனுப்பினார்கள்.

பொம்பளைக்கு நீச்சல் எதற்கு?

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வீட்டில் இரண்டு கட்சி ஆனது. "இனிமே எவனும் ஏரிப் பக்கம் போகக் கூடாது" என்றார் மாமா. தூண்டில் கழிகளைப் பரண் மேல் போட்டுவிட்டார். "கிணத்தப் பாத்துப் பயந்தா தண்ணி சேந்த முடியுமா? வூட்டுல இருக்கற அத்தனை பேருக்கும் நீச்சல் கத்துக் குடுத்துட்டு அப்புறம் போலாம்" என்றார்கள் அத்தை. "அத்தனை பேருக்கும்னா?" என்றார் என் கணவர். "மருமகளுங்களுக்குந்தான்" என்றார்கள்.

ஊரில் பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? "கல்யாணமாகி ரெண்டு புள்ள பெத்தவளுக்கு இப்ப நீச்சல் எதுக்குடி?" என்று தண்ணீர்க் குழாயடியில் கேட்காதவர்கள் இல்லை. "ஏரிக்கரையில பொம்பளைங்கதானேக்கா புள்ளைங்களோட உக்காந்திருக்கோம்? ஆம்பளைங்க அந்தப் பக்கம் போயிடறாங்க" என்பேன் நான். அதற்கு மேல் பதில் வராது.

வேடிக்கை என்னவென்றால், மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது எங்கள் தலத்தில்தான் என்பது ஐதீகம். அவருக்குக் கிரிவலப் பாதையில் எங்கள் ஊரிலேயே தனிக் கோயில் உண்டு. மார்கழி விடியலில் பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு நீராடப் போவதுதானே அந்தப் பாடல்கள்? தண்ணீர் பெண்களுக்கு அந்நியம் என்று யார் சொன்னது? 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி ஆரதி சாஹா, நம் கல்கத்தாக்காரர். நாம் கால்வாயைக் கடக்க வேண்டாம். பிள்ளை விழுந்தால் பதறாமல் நிற்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும்.

எங்கள் நிலத்தில் அந்தக் காலத்துப் பெரிய கிணறு இருக்கிறது. படிக்கட்டு உண்டு. காலை ஆறு மணிக்கு ஆண்கள் யாரும் வராத நேரம் எங்களுக்கு என்று ஒதுக்கினார்கள். துப்பட்டா இல்லாத சுடிதார்தான் எங்கள் நீச்சல் உடை. அத்தை சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். அந்தக் காலத்தில் காய்ந்த சுரைக்குடுவையை முதுகில் கட்டிப் பழக்குவார்களாம். எங்களுக்கு மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் கேன் இரண்டு. இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை படியில் நிற்பவர் கையில்.

முதலில் கற்றது நீந்துவது அல்ல, மிதப்பது. காது வரை தண்ணீரில் விட்டு, முகத்தை வானத்தைப் பார்க்க வைத்து, கை காலை விரித்து, உடம்பைத் தளர விடவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எந்த வேலையிலும் உடம்பைத் தளர விட்டதில்லை அல்லவா, அது வர எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று! என் ஒன்பது வயது மகளுக்கு நான்கே நாளில் வந்துவிட்டது. இப்போது என் மகளும் ஓரகத்தி மகளும் கிணற்றின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய்த் திரும்புகிறார்கள். நாத்தனார் மகன் தண்ணீரைக் கண்டு ஒரு வருஷம் நடுங்கினான். அவன் அம்மா முதலில் இறங்கிய பிறகுதான் அவனும் இறங்கினான்.

ஆறு வயதுக்கு மேல் குழந்தைகளுக்கு முறையாக ஆரம்பிக்கலாம். கிணறு இல்லாதவர்கள், மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் நீச்சல் குளங்களில் கோடைப் பயிற்சி இருக்கிறதா என்று விசாரியுங்கள். பிரசவமான தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் குளத்தில் இறங்க வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்கள் தனியாக ஒருபோதும் இறங்கக் கூடாது.

வேட்டை வேண்டாம், வேடிக்கை போதும்

ஏரிக்குப் போகிற பையன்கள் கையில் உண்டிவில்லும் இருக்கும். மாமா வாலிபத்தில் முயல், கௌதாரி என்று வேட்டைக்குப் போன கதைகளைச் சொல்வார். அது அந்தக் காலம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, முயலுக்குக் கண்ணி வைப்பதும் உடும்பு பிடிப்பதும் சிறைக்குப் போகிற குற்றம். எங்கள் மலையடிக் காட்டில் புள்ளிமான்கள் உண்டு, சாலையோரம்வரை வரும். கல்லெடுத்து வீசக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு மூன்று வயதிலேயே சொல்லிவிடுகிறோம்.

வேட்டைத் திறமையை நல்ல வழிக்குத் திருப்பியவர்கள் நம் இருளர் மக்கள். 1978இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் அவர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்குப் போடும் மருந்து அந்த விஷத்திலிருந்துதான் வருகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தக் கதையை என் மகனுக்குச் சொன்ன பிறகு உண்டிவில் தானாகவே மூலைக்குப் போயிற்று. இப்போது பிள்ளைகளுக்குள் போட்டி, யார் அதிகப் பறவை எண்ணுவது என்று. மீன்கொத்தி, நீர்க்காகம், முக்குளிப்பான், நாமக்கோழி, மடையான் என்று நோட்டில் எழுதுகிறார்கள்.

படகில் ஏறும்போது

உறவுக்காரர்கள் வந்தால் சாத்தனூர் அணைக்குப் போவோம். திருவண்ணாமலையிலிருந்து 30, 35 கிலோமீட்டர். காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1958இல் தென்பெண்ணையின் குறுக்கே கட்டி முடித்த அணை. 119 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். பரிசலில் போய் வலை விடுவதைப் பிள்ளைகள் பார்க்கலாம். பொரித்த அணை மீனுக்கென்றே வருகிறவர்கள் உண்டு. வனத்துறையின் முதலைப் பண்ணையும் இருக்கிறது. ஆகவே பண்ணைக்கு வெளியேயும் முதலை இருக்கலாம் என்ற நினைப்போடு, தடை போட்ட இடத்தில் காலைக்கூட நனைக்க விடாதீர்கள். அணைக்குக் கீழே ஆற்றில் விளையாடுகிறவர்கள் தண்ணீர் திறப்பு அறிவிப்பை அலட்சியம் செய்யக் கூடாது. 2024 டிசம்பர் 2ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் விடிவதற்குள் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்து விட்டார்கள். ஆற்றோர ஊர்களெல்லாம் வெள்ளக்காடாயின.

படகு சவாரிக்குப் போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கோமுட்டேரி உண்டு. ஏலகிரியில் புங்கனூர் ஏரி உண்டு. ஒகேனக்கல்லில் பரிசல் உண்டு. எங்கே போனாலும் மிதவைச் சட்டை கேளுங்கள். குழந்தைக்கு அதன் அளவில் கேளுங்கள். பெரியவர் சட்டை தோள் வழியாகக் கழன்றுவிடும். எல்லா வாரையும் பூட்டுங்கள். கொடுக்காத படகில் ஏறாதீர்கள்.

2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடியில் மாடிப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் மிருகத்தைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் சாய்ந்தது ஒரு காரணம் என்றார்கள். 2023 மே 7ஆம் தேதி கேரளத்தில் தானூரில் அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். "எல்லாரும் ஏறிட்டாங்க, நாம மட்டும் எப்படி நிக்கறது" என்று தயங்காதீர்கள். காசு போனால் போகட்டும், இறங்கி விடுங்கள்.

கூடையில் என்ன இருக்க வேண்டும்?

சாப்பாட்டுக் கூடையோடு இவற்றையும் வையுங்கள்: பதினைந்து அடிக் கயிறு, மூடி போட்ட காலி கேன் ஒன்று, சோப்பு, சுத்தமான துணி, உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர், பிள்ளைகளுக்குத் தொப்பி. காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக நுழையும். தூண்டில் முள் விரலில் ஆழமாக ஏறிவிட்டால் பின்னால் இழுக்காதீர்கள். கொக்கி சதையைக் கிழிக்கும். நரம்பை வெட்டிவிட்டு டாக்டரிடம் போய் எடுத்து, தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் மட்டும் "கண்காணிப்பு" என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது, வாயில் அரட்டை இருக்கக் கூடாது. கண் தண்ணீரில். அரை மணிக்கு ஒருவர் மாறலாம். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். இறங்கும் முன் நீளக் கழியால் ஆழம் பார்க்காமல் ஒரு அடி வைக்க விடாதீர்கள்.

பிடித்த மீனை என்ன செய்வது?

ஏரி மீனில் சேற்று வாடை வரும் என்று பலர் முகம் சுளிப்பார்கள். செதில் எடுத்து, உள்ளே இருக்கும் கறுப்புத் தோலைச் சுரண்டி, கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, புளித்த மோரில் கால் மணி ஊறவைத்து அலசுங்கள்; வாடை போன இடம் தெரியாது. வழவழப்பான விராலுக்கு அடுப்புச் சாம்பல் தேய்த்துப் பிடித்தால் கையில் நழுவாது.

அரைக் கிலோ மீனுக்கு: நல்லெண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி வதக்கி, மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன், மல்லித்தூள் மூன்று ஸ்பூன், எலுமிச்சை அளவு புளிக் கரைசல் விட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். எண்ணெய் மேலே மிதந்ததும் இரண்டு மாங்காய்த் துண்டும் மீனும் போட்டுப் பத்து நிமிஷம். கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுற்றி அசையுங்கள். மறுநாள் காலை இட்லிக்கு இதற்கு ஈடு இல்லை.

சின்னக் குழந்தைக்கு முள் குறைவான விரால் கொடுங்கள். கெண்டைக்குச் சதையோடு சதையாக முள் இருக்கும். விரலால் நெருடிப் பார்த்தே ஊட்ட வேண்டும். தொண்டையில் முள் சிக்கினால் சோற்று உருண்டை விழுங்கச் சொல்லாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அயிரை மாதிரி முள்ளோடு சாப்பிடும் பொடி மீனில் சுண்ணாம்புச் சத்து நிறைய. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நல்லது.

மாமா பரண் மேல் போட்ட கழிகள் ஒரு வருஷம் கழித்து இறங்கின. இறக்கியது அவரேதான். இப்போது அவற்றோடு இன்னொரு கழியும் வருகிறது. முள் இல்லை, நரம்பு இல்லை. பன்னிரண்டு அடி நீளம், முனையில் பழைய சேலைத் துணி சுற்றியிருக்கும். "இது எதுக்குத் தாத்தா?" என்று ஒருநாள் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். "இது மீனுக்கு இல்லடா, உனக்கு" என்றார்.

இந்தக் கோடையில் உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கழி தயாராகட்டும். பிள்ளைகளோடு நீங்களும் ஒருநாள் தண்ணீரில் இறங்கி மிதக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகு, "அம்மா, ஏரிக்குப் போறோம்" என்று பிள்ளை வந்து நின்றால், "இருடா, நானும் வர்றேன்" என்று சொல்லலாம்!